பாதி செட்டு படுத்துடுச்சா? அப்பவும் ஹாம் ரேடியோ காண்டெஸ்ட்ல கலந்துக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

காண்டெஸ்ட்ங்கிறது குறிச்ச நேரத்துக்குள்ள எத்தனை ஸ்டேஷனோட முடியுதோ அத்தனை பேரோட பேசி புள்ளி சேர்க்கிற போட்டி. அது தொடங்க மூணு மணி நேரம் இருக்கும்போதுதான் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனா பக்கம் போன பவர்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுறது) முள்ளு வலது ஓரத்துல போய் ஒட்டிக்கும், இது எல்லாருக்கும் நடக்கிறதுதான். அதுக்கப்புறம் என்ன செய்றோம்ங்கிறதுலதான் வித்தியாசம். புதுசா வர்றவங்கள்ல நிறைய பேர் போட்டி நடக்கிற அந்த 48 மணி நேரத்துல 30 மணி நேரத்தை சோல்டரிங் அயர்னோட கழிச்சுட்டு, "இந்த வருஷம் கொடுத்து வைக்கல"ன்னு படுத்துடுறாங்க. அவங்க கிட்ட இருந்த பழுதுல பெரும்பாலானது சரி பண்ணாமலேயே ஆடியிருக்கக்கூடிய பழுதுதான்.

இதுல சொல்ற வரிசை முக்கியம், மாத்தி பண்ணாதீங்க, ஏன்னு ஒவ்வொரு இடத்துலயும் சொல்றேன்.

1. ரூல்ஸைப் படிச்சு, இருக்கிற செட்டுக்கு ஏத்த கேட்டகரியை முதல்ல முடிவு பண்ணுங்க

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி இது. ஏன்னா எதை சரி பண்ணணும், எதை விட்டுடலாம்னு கேட்டகரிதான் சொல்லும். லீனியர் (பவரைப் பெருக்கிற ஆம்ப்ளிஃபையர்) படுத்துடுச்சா, லோ பவர்ல போங்க, அது வழக்கமா 100 வாட் வரைக்கும். ரிக்கே (ரேடியோ செட்டே) பத்து வாட்டுக்கு மேல வர மாட்டேங்குதா, 5 வாட்டுக்கு இறக்கி க்யூஆர்பிங்கிற குறைஞ்ச பவர் கேட்டகரியில போங்க, அங்க உங்களோட போட்டி போடுறவங்களும் அதே அஞ்சு வாட்டுக்காரங்கதான். ஒரே ஒரு பேண்டுக்குத்தான் ஆன்டெனா இருக்குன்னா சிங்கிள் பேண்ட்.

ஒரு விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க: காண்டெஸ்ட் முழுக்க எந்த நேரத்துல அதிகபட்ச பவர் போட்டீங்களோ அதுதான் உங்க கேட்டகரி. முதல் ஒரு மணி நேரம் லீனியர் போட்டு, அது கருகின பிறகு 47 மணி நேரம் 100 வாட்ல ஆடினாலும் நீங்க ஹை பவர்தான். அதனால லீனியர் மேல சந்தேகம் இருந்தா ஆரம்பத்துலயே ஆஃப்ல வச்சுடுங்க. எந்த கேட்டகரியா இருந்தாலும் உங்க லைசென்ஸ் அனுமதிக்கிற பவரைத் தாண்டக்கூடாது, அது தனியா சொல்ல வேண்டியதில்ல.

எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒவ்வொரு ஸ்டேஷனோடயும் பரிமாறிக்க வேண்டிய தகவல், என்னன்னும் இப்பவே பாத்துக்கோங்க. சிக்யூ வேர்ல்ட் வைடுல சிக்னல் ரிப்போர்ட்டும் (59 மாதிரி) சிக்யூ ஜோன் நம்பரும் (உலகத்தைப் பிரிச்சு வச்ச பகுதி நம்பர்), டபிள்யூபிஎக்ஸ்ல 001-ல இருந்து ஓடுற சீரியல் நம்பர், ஐஏஆர்யூ ஹெச்எஃப் சாம்பியன்ஷிப்ல ஐடியூ ஜோன். சிக்யூ ஜோனும் ஐடியூ ஜோனும் வேற வேற நம்பர், குழப்பிக்காதீங்க. கம்ப்யூட்டர் நடுவுல செத்தா இதையெல்லாம் தலையில வச்சுத்தான் ஆடணும்.

2. மேஜை மேல முன்கூட்டியே இருக்க வேண்டியது

டம்மி லோட் (ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டி, பவரை வெளிய விடாம சூடாக்கிக் கரைக்கிறது) ஒண்ணு, மல்டிமீட்டர், நல்லதுன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு சின்ன பேட்ச் கேபிள், ரெண்டு முனையிலயும் பிஎல்-259 கனெக்டர் போட்ட ஒரு உபரி கோஆக்ஸ் (ரிக்ல இருந்து ஆன்டெனாவுக்குப் போற கேபிள்), ரெண்டு கோஆக்ஸை சேர்க்கிற பேரல் கனெக்டர், உபரி ஃப்யூஸ், 25 மீட்டர் சாதாரண எலக்ட்ரிக்கல் ஒயர், நைலான் கயிறு, பேப்பர், ரெண்டு பேனா. ரெண்டு பேனாவான்னு சிரிக்காதீங்க.

இதுல ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா டம்மி லோடை வாங்குங்க. பழுது ரிக்லயா வெளியிலயான்னு அது ஒரே நிமிஷத்துல சொல்லிடும், அது இல்லாம பண்றது எல்லாமே ஊகம்.

3. எதையும் கழட்டாதீங்க, முதல்ல ரிக்கோட பட்டன்களைப் பாருங்க

இதைப் படிச்சுட்டு "இது எனக்குத் தெரியாதா"ன்னு தாண்டிப் போறவங்களுக்காகவே கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ஒரு டபிள்யூபிஎக்ஸ்ல ராத்திரி நாப்பது மீட்டர் பேண்டுல கூப்பிடுறேன் கூப்பிடுறேன், ஒருத்தர் கூட திரும்பிப் பாக்கல, எல்லாரும் எனக்கு 59 பிளஸ்ல கேக்குறாங்க, என் குரல் மட்டும் கிணத்துல போட்ட கல்லு மாதிரி. பவர் மீட்டர்ல 100 வாட் காட்டுது, எஸ்டபிள்யூஆர் 1.3. பலூன் (ஊதுற பலூன் இல்ல, கோஆக்ஸையும் ஆன்டெனாவையும் இணைக்கிற balun) போயிடுச்சுன்னு முடிவு பண்ணி டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் பலூனைக் கழட்டி, பிரிச்சு, ஒண்ணும் புரியாம திரும்ப மாட்டி, கீழ வந்து உக்காந்தா டிஸ்ப்ளே மூலையில சின்னதா ஸ்ப்ளிட்னு (கேக்குறது ஒரு ஃப்ரீக்வென்சி, அனுப்புறது வேற) எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு முந்தின வாரம் தூர இடத்துக்குப் போய் ஸ்டேஷன் போட்ட ஒரு டிஎக்ஸ்பெடிஷனைப் பிடிக்க ஸ்ப்ளிட் போட்டது, அப்படியே கிடந்திருக்கு. அஞ்சு கிலோஹெர்ட்ஸ் மேல போய் யாரும் இல்லாத இடத்துல ஒண்ணேகால் மணி நேரம் கத்தியிருக்கேன்.

அதனால இந்த வரிசையில பாருங்க:

- ஸ்ப்ளிட், ஆர்ஐடி, எக்ஸ்ஐடி (கேக்குற, அனுப்புற ஃப்ரீக்வென்சியைத் தனித்தனியா நகர்த்துறது) மூணும் ஆஃப்ல இருக்கா?
- ரிசீவர் செவிடாயிட்ட மாதிரி இருந்தா, ஆர்எஃப் கெயின் முழுசா திறந்திருக்கா, அட்டெனுவேட்டர் போட்டிருக்கா, ஸ்கெல்ச் ஏறியிருக்கா, ஆன்டெனா 1-க்கு பதிலா 2 செலக்ட் ஆகியிருக்கா?
- பவர் வரலன்னா, போன தடவை எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா அனுப்புற டிஜிட்டல் மோட்) ஆடும்போது இறக்கி வச்ச பவர் அப்படியே இருக்கா? மோட் டேட்டாவுல நிக்குதா? டேட்டா மோட்ல நிறைய ரிக்கு மைக்கைக் கண்டுக்காது.
- சைட்பேண்ட் சரியா? 40, 80, 160 மீட்டர்ல லோயர், 20, 15, 10-ல அப்பர்.

அஞ்சு நிமிஷத்துல தீராத குழப்பமா இருந்தா ரிக்கை ரீசெட் பண்ணிடலாம், ஆனா அதுக்கு முன்னாடி மெனு செட்டிங் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க, ரீசெட்டுக்கு அப்புறம் சிஏடி (கம்ப்யூட்டர் ரிக்கை இயக்குற இணைப்பு) பாட் ரேட்டை மறந்துட்டு கம்ப்யூட்டரோட மல்லுக்கட்ட வேண்டி வரும்.

4. பழுதை ரிக்ல இருந்து ஆன்டெனா பக்கமா, ஒவ்வொரு துண்டா நகர்ந்து தேடுங்க

புதுசா வர்றவங்க நேரா ஆன்டெனாவுல ஏறுவாங்க. அது கடைசியா பண்ண வேண்டியது, ஏன்னா ஏறுறதுக்கு நேரமும் ஆகும், ராத்திரியில ஆபத்தும் கூட.

முதல்ல ரிக்கோட பின்னாடி நேரா, அந்த நல்ல பேட்ச் கேபிள் போட்டு, டம்மி லோட். எஸ்டபிள்யூஆர் 1-க்குப் பக்கத்துல வரணும், பவர் முழுசா வரணும். வந்தா ரிக் நல்லா இருக்கு, அதை இனிமே தொடாதீங்க.

அடுத்து ட்யூனர், மீட்டர், ஃபில்டர், ஆன்டெனா சுவிட்ச் இதுல எதெல்லாம் நடுவுல இருக்கோ ஒண்ணு ஒண்ணா சேருங்க, ட்யூனரை மட்டும் பைபாஸ்ல போட்டு. ரெண்டை ஒண்ணா சேக்காதீங்க, அப்புறம் எதுன்னு தெரியாது. நான் பாத்ததுல அதிகமா மாட்டுறது இந்த சின்னச் சின்ன பேட்ச் கேபிளுங்கதான், பிஎல்-259 உள்ள நடு பின்ல சோல்டர் பிடிக்காம வெறும் தொட்டுக்கிட்டு இருக்கும், கேபிளை லேசா அசைச்சா மீட்டர் முள்ளு குதிக்கும்.

அப்புறம் டம்மி லோடை கோஆக்ஸோட அந்தக் கடைசியில, ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டுங்க. பகல்லயே, இறக்க முடிஞ்ச ஆன்டெனாவா இருந்தா மட்டும். எஸ்டபிள்யூஆர் இங்க கெட்டா கோஆக்ஸ். நல்லா இருந்தா பலூனோ ஆன்டெனா ஒயரோ.

மேல போக முடியலன்னா மல்டிமீட்டரால கீழ இருந்தே ஓரளவு பாக்கலாம். ரிக்ல இருந்து கழட்டின கோஆக்ஸ்ல நடு பின்னுக்கும் ஷீல்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. பலூன் இல்லாத சாதாரண டைபோல்னா (நடுவுல கோஆக்ஸ் சேர்ற ரெண்டு கை ஒயர் ஆன்டெனா) ஓப்பனா காட்டணும். ஆனா சில பலூன்லயும் மேட்சிங் காயில்லயும் டிசிக்கு ஷார்ட்டா காட்டுறதுதான் இயல்பு, அதனால நல்லா இருந்த நாள்ல என்ன காட்டுச்சுன்னு முன்னாடியே அளந்து ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வைங்க, அது இல்லாம இந்த அளவுக்கு அர்த்தம் கம்மி.

இன்னொரு பொறி. எஸ்டபிள்யூஆர் திடீர்னு எல்லா பேண்ட்லயும் அழகா 1.5-க்குள்ள வருதா, சந்தோஷப்படாதீங்க. கோஆக்ஸ்குள்ள தண்ணி இறங்கினா அது சிக்னலைத் தின்னுடும், போற பவரும் திரும்பி வர்ற பவரும் வழியிலயே காணாமப் போறதால மீட்டருக்கு எல்லாம் சுகமாத் தெரியும். ரிசீவர்லயும் பேண்ட் இரைச்சல் வழக்கத்தை விட குறைஞ்சிருந்தா சந்தேகத்தை உறுதி பண்ணிக்கோங்க. இதுக்கு மருந்து கேபிளை மாத்துறதுதான், காய வைக்கிறது வேலைக்கு ஆகாது.

5. ஆன்டெனாதான் போச்சுன்னா, பழசை ரிப்பேர் பண்ணாதீங்க, புதுசா ஒரு டைபோல் கட்டுங்க

உடைஞ்ச ட்ராப்பையோ பீமையோ சரி பண்ண அரை நாள் போகும், ஒயர் டைபோலுக்கு ஒரு மணி நேரம் போதும். கணக்கு இவ்வளவுதான்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வரும். 14.2-க்கு 10.07 மீட்டர், அதாவது ஒரு கைக்கு 5 மீட்டரும் கொஞ்சமும். 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு கை 10 மீட்டரும் கொஞ்சமும்.

வெட்டும்போது ஒவ்வொரு கையிலயும் 20 சென்டிமீட்டர் கூடுதலா விடுங்க. தூக்கிக் கட்டி எஸ்டபிள்யூஆர் எந்த ஃப்ரீக்வென்சியில குறைவா இருக்குன்னு பாருங்க, உங்களுக்கு வேண்டியதுக்குக் கீழ இருந்தா நீளம் அதிகம், ரெண்டு கையிலயும் சமமா நறுக்குங்க. இன்சுலேஷன் உள்ள ஒயர் கணக்கை விட கொஞ்சம் கீழதான் ரெசொனன்ஸ் காட்டும், அதனால பெரும்பாலும் நறுக்கத்தான் வேண்டி வரும், ஒட்டுப் போட வேண்டி வராது.

ஒரே ஒயர்தான் இருக்குன்னா 40 மீட்டருக்கு வெட்டுங்க. ஏன்னா 7-ஐ மூணால பெருக்கினா 21, அதனால அதே டைபோல் 15 மீட்டர்லயும் ஓரளவு எடுக்கும், ட்யூனர் கொஞ்சம் உதவி பண்ணும். ராத்திரிக்கு 40, பகலுக்கு 15, ஒரு ஒயர்ல ரெண்டு ஷிஃப்ட்.

ஒரே கம்பம்தான் இருந்தா நடுவைத் தூக்கி ரெண்டு கையையும் சாய்வா இறக்குங்க, ரெண்டுக்கும் நடுவுல கோணம் 90 டிகிரிக்குக் குறையாம. முனைங்க யார் கைக்கும் எட்டாத உயரத்துல இருக்கணும், டிரான்ஸ்மிட் பண்ணும்போது அங்கதான் வோல்டேஜ் அதிகம். மின்சார லைன் பக்கத்துல எந்தக் காரணத்துக்காகவும் ஒயர் வீசாதீங்க, ஒயர் அறுந்தா எங்க போய் விழும்னும் யோசிச்சுட்டு வீசுங்க. இடி இடிச்சா கோஆக்ஸைக் கழட்டி வெளிய போட்டுட்டு டீ குடிங்க, ரூல்ஸ்ல அதுக்கு மைனஸ் மார்க் கிடையாது.

ஆன்டெனாவைச் சுத்துற ரொட்டேட்டர் மட்டும் நின்னுடுச்சுன்னா அது பழுதே இல்லன்னு வச்சுக்கோங்க. எந்தப் பக்கம் ஸ்டேஷன் அதிகமோ அந்தப் பக்கம் நிக்க வச்சுட்டு ஆடுங்க, பின்பக்கமும் பலமான ஸ்டேஷனுங்க கேக்கத்தான் செய்யும்.

6. பவர் சப்ளை: கணக்கைப் போட்டுட்டு அப்புறம் சந்தேகப்படுங்க

100 வாட் ரிக் டிரான்ஸ்மிட்ல 13.8 வோல்ட்டுல 20 ஆம்பியருக்குப் பக்கத்துல இழுக்கும். டிசி கேபிள்லயும் ஃப்யூஸ் ஹோல்டர்லயும் சேர்த்து 0.1 ஓம் இருந்தாலே 2 வோல்ட் வழியில விழுந்துடும், ரிக்குக்கு 11.8 தான் போகும், பேசும்போதெல்லாம் டிஸ்ப்ளே மினுக்கும், சில ரிக் ஆஃப் ஆகி ஆன் ஆகும். சப்ளை போயிடுச்சுன்னு நினைப்பீங்க, பாத்தா ஃப்யூஸ் ஹோல்டர் துருப்பிடிச்சு சூடா இருக்கும். தொட்டுப் பாத்தாலே தெரியும்.

சரி, சப்ளையே போச்சு, பேட்டரிதான் இருக்குன்னா பவரை 25 வாட்டுக்கு இறக்குங்க, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் போடுங்க. 100-ல இருந்து 25-ங்கிறது 6 டெசிபெல், எதிர்ப்பக்கம் சிக்னல் பலம் காட்டுற எஸ் மீட்டர்ல ஒரே ஒரு எஸ் யூனிட். எஸ்9-ல கேட்டவருக்கு எஸ்8-ல கேப்பீங்க, அவ்வளவுதான். இந்தக் கணக்கு மனசுல பதிஞ்சா பாதிப் பதட்டம் போயிடும்.

7. பேசினா கம்ப்யூட்டர் தொங்குதுன்னா

மைக்கைத் திறந்தா மவுஸ் சாகுது, ரிக்கோட யுஎஸ்பி துண்டிக்குது, இல்லன்னா விடவே விடாம டிரான்ஸ்மிட்ல ஒட்டிக்குது. இது கம்ப்யூட்டர் பழுது இல்ல, ரேடியோ அறைக்குள்ள ஆர்எஃப் (நீங்க அனுப்புற ரேடியோ சக்தி) திரும்பி வருது. நிச்சயம் பண்ணிக்க, பவரைப் பாதியாக்கிப் பாருங்க. தொல்லை நின்னா அதேதான்.

மூல காரணம் கோஆக்ஸோட வெளி ஷீல்டுல ஓடி வர்ற கரண்ட், அதனால கோஆக்ஸ் ஆன்டெனாவோட சேர்ற இடத்துல (ஃபீட் பாயின்ட்) அதைத் தடுக்கிற சோக் போடணும். அவசரத்துக்கு, 20, 15, 10 மீட்டர் பேண்டுக்குன்னா அந்தக் கோஆக்ஸையே 15 சென்டிமீட்டர் விட்டத்துல எட்டுப் பத்துச் சுத்து சுத்தி டேப் போட்டுடலாம். யுஎஸ்பி கேபிளை ஃபெரைட்டுக்குள்ள ஒரு தடவை நுழைச்சா பெரிசா பலன் இருக்காது, ஹெச்எஃப்புக்கு 31 மிக்ஸ் ஃபெரைட்ல நாலஞ்சு சுத்து வேணும். எதுவும் இல்லன்னா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பவரைக் குறைச்சு ஆடுங்க. அதுவும் முடியலன்னா சிஏடி கேபிளையே பிடுங்கிடுங்க, ஃப்ரீக்வென்சியைக் கையால டைப் பண்றதுல யாரும் தேய்ஞ்சு போகல. ஆனா பேண்ட் மாத்தும்போது லாகர்லயும் (தொடர்புகளைப் பதிவு பண்ற சாஃப்ட்வேர்) மாத்துங்க, இதை மறந்து பகல் பூரா 15 மீட்டர் க்யூஎஸ்ஓ (ஒரு ஸ்டேஷனோட முடிச்ச தொடர்பு) எல்லாத்தையும் 40-ல போட்டவங்களைப் பாத்திருக்கேன்.

8. மைக், பிடிடி கோளாறு

பிடிடி (பேசுறதுக்கு அமுக்குற பட்டன்) வேலை செய்யலன்னா வாக்ஸ் (குரல் கேட்டா தானா டிரான்ஸ்மிட்டுக்குப் போறது) போடுங்க, இல்ல ரிக் முகப்புல டிரான்ஸ்மிட் பட்டன் இருந்தா அதை அமுக்குங்க. மைக்கை மாத்தும்போது எலக்ட்ரெட்டா டைனமிக்கான்னு பாருங்க, எலக்ட்ரெட்டுக்கு ரிக்ல இருந்து சின்ன வோல்டேஜ் போகணும், போகலன்னா மைக் ஊமைதான். மைக் கெயினை முறுக்கிக்கிட்டே போகாதீங்க, ஏஎல்சி மீட்டர் கோட்டைத் தாண்டினா குரல் கரகரத்து பக்கத்து ஸ்டேஷன் மேல வழியும்.

9. கம்ப்யூட்டரே செத்தா, பேப்பர்

அஞ்சு பத்தி போடுங்க: யுடிசி (உலகப் பொது) நேரம், பேண்ட், கால்சைன், அனுப்பினது, வாங்கினது. நேரத்தை நல்ல ஒரு கடிகாரத்துல யுடிசிக்கு வச்சு கண்ணு முன்னாடி வைங்க, லோக்கல் நேரத்துல எழுதி அப்புறம் மாத்திக்கலாம்னு நினைச்சா நள்ளிரவு தாண்டும்போது தேதி நிச்சயமா தப்பும்.

சீரியல் நம்பர் காண்டெஸ்ட்ல கடைசியா என்ன நம்பர் கொடுத்தோம்னு ஞாபகம் இல்லன்னா, உத்தேசமா பத்து நம்பர் தாண்டிப் போய் அங்க இருந்து தொடருங்க. நடுவுல நம்பர் விட்டுப் போனா பரவாயில்ல, நீங்க சொன்னதும் உங்க லாக்ல இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும், அதுதான் விஷயம்.

என்1எம்எம் மாதிரி லாகர் பயன்படுத்துறவங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா லாக் ஃபைலை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுங்க. இதை எல்லாரும் படிப்பாங்க, யாரும் செய்ய மாட்டாங்க.

10. நொண்டி செட்டோட ஆடுறது எப்படி

நீங்க சிக்யூ போட்டு (யாராவது பதில் சொல்லுங்கன்னு பொதுவா கூப்பிட்டு) ஃப்ரீக்வென்சியைப் பிடிச்சு வைக்க முயற்சி பண்ணாதீங்க. பலம் இல்லாத சிக்னலை யாரும் மதிக்க மாட்டாங்க, பக்கத்துலயே ஒருத்தர் வந்து உக்காந்துடுவார். பேண்டோட ஒரு முனையில ஆரம்பிச்சு மெதுவா மறு முனைக்குப் போய்க்கிட்டே கூப்பிடுறவங்களுக்கு பதில் கொடுங்க. பெரிய ஸ்டேஷனுக்கு நல்ல ரிசீவிங் ஆன்டெனா இருக்கும், உங்க 10 வாட்டை அவங்கதான் கேப்பாங்க.

கூட்டமா மொய்க்கிற இடத்துல ரெண்டு மூணு தடவை கூப்பிட்டும் கிடைக்கலன்னா ஃப்ரீக்வென்சியைக் குறிச்சு வச்சுட்டு நகருங்க. திரும்ப வரும்போது கூட்டம் கரைஞ்சிருக்கும். ரெண்டாவது நாள் ஞாயித்துக்கிழமை இன்னும் சுலபம், பெரிய ஸ்டேஷனுங்க பலமானவங்க எல்லாரையும் முடிச்சுட்டு பதில் வராம சிக்யூ சிக்யூன்னு தொண்டை காய்ஞ்சு கிடப்பாங்க, உங்க முனகல் கூட அப்ப அவங்களுக்கு விருந்து.

கால்சைனை முழுசா, ஃபொனெடிக்ல (ஆல்ஃபா, பிராவோன்னு), ஒரே ஒரு தடவை சொல்லுங்க. பாதி கால்சைனைப் பிடிச்சு அவர் கேட்டா, அது உங்களோடது இல்லன்னா வாயைத் திறக்காதீங்க. "நம்பர் அகெய்ன்"னு கேட்டா நம்பரை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க, மறுபடி கால்சைன், 59, நன்றின்னு ஆரம்பிச்சா அவருக்குத் தேவையானது ஃபேடிங்ல போயிடும்.

11. நடுவுல புதுசா ஒண்ணு போனா: 20 நிமிஷம்

டைமர் வைங்க. முதல் கேள்வி, இதோட க்யூஎஸ்ஓ போட முடியுதா? முடியும்னா அது இப்ப ரிப்பேர் இல்ல, பேப்பர்ல குறிச்சுட்டு ஆடுங்க. முடியாதுன்னா 20 நிமிஷம், அதுக்குள்ள ஆகலன்னா அந்த பேண்டையோ அந்த பெட்டியையோ கழிச்சுட்டு மிச்சத்தோட போங்க. பெரிய ரிப்பேரை பேண்ட் மூடியிருக்கிற நேரத்துக்குத் தள்ளுங்க, ஆனா மாடி ஏறுற வேலைன்னா விடிஞ்ச பிறகுதான். டபிள்யூபிஎக்ஸ்ல தனி ஆளுக்கு 48-ல 36 மணி நேரம்தான் அனுமதி, ஒவ்வொரு ஓய்வும் 60 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, அதனால எப்படியும் எடுக்க வேண்டிய அந்த 12 மணி நேரத்துல சோல்டரிங்கை வச்சுக்கோங்க.

12. லாக்: 40 க்யூஎஸ்ஓ இருந்தாலும் அனுப்புங்க

கேப்ரில்லோ ஃபைலை (காண்டெஸ்ட்டுக்கு லாக் அனுப்புற ஃபைல்) நோட்பேட்ல திறந்து மேல இருக்கிற வரிகளைப் பாருங்க, பவர், பேண்ட் கேட்டகரி முதல் கட்டத்துல முடிவு பண்ணதோட ஒத்துப் போகணும். லாகர்ல பழைய செட்டிங் ஹை பவர்னு கிடக்கும், அப்படியே போயிடும். சிங்கிள் பேண்டா அனுப்பினாலும் மத்த பேண்ட்ல போட்டதை அழிக்காதீங்க, மத்தவங்க லாகைச் சரி பார்க்க அது உதவும். ரெண்டு தடவை போட்ட ஸ்டேஷனையும் அப்படியே விடுங்க, அதுக்கு அபராதம் இல்ல.

பேப்பர்ல இருந்து டைப் பண்ணும்போது எழுதினதை எழுதின மாதிரியே ஏத்துங்க. சந்தேகமான கால்சைனை இன்டர்நெட்ல தேடித் திருத்துறது சிக்யூ வேர்ல்ட் வைடு மாதிரி காண்டெஸ்ட்ல அப்பட்டமா ரூல் மீறல். அங்க கெடு அஞ்சு நாள்தான், அதனால அன்னிக்கே உக்காந்து முடிங்க. போட்டியில சேர வேண்டாம்னு தோணினா செக்லாக்னு (மத்தவங்க லாகைச் சரி பார்க்க மட்டும்) போட்டு அனுப்பலாம்.

அனுப்பிட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. சந்தேகத்துல கழட்டின அந்த பேட்ச் கேபிளைத் திரும்ப பெட்டிக்குள்ள போடாதீங்க, அது அடுத்த காண்டெஸ்ட்ல நல்ல கேபிள் வேஷம் போட்டுக்கிட்டு முதல் ஆளா கையில வரும். எனக்கு ரெண்டு வருஷம் வந்துச்சு. கனெக்டரை ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துடுங்க.